வெளியேறியவரின் சாட்சியம்: கால்டுவெல், சட்டம்பிள்ளை, மார்மன்கள் – சில குறிப்புகள்

1

அருப்புக்கோட்டையில் எங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு சிறு நூல்கள் ரொம்ப நாள் கிடந்தன. ஒன்று என் தாய்மாமா எழுதியது. இன்னொன்று அவருக்கு எதிராக அவருடைய பழைய சபை அச்சடித்தது. இரண்டையும் உள்ளூர் அச்சகத்தில்தான் அடித்திருக்கிறார்கள். தாளும் எழுத்தும் ஒன்றுபோல இருக்கும். அட்டையைக் கிழித்துவிட்டால் எது எவருடையது என்று உடனே சொல்லிவிட முடியாது.

மாமா திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் உபதேசியாராக இருந்தவர். சபையின் தீர்மானப் புத்தகத்தை எழுதி வந்ததும் அவர்தான். 1990களின் நடுவில் வெளியேறினார். வெளியேறியதும் எழுதிய நூலில் அவர் பெரிதாக இறையியல் எதுவும் பேசவில்லை. கல்லறைத் தோட்டத்தில் காலனி சனங்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் சுவர் வைப்பது என்று சபை எடுத்த தீர்மானத்தைத் தேதியோடு, கையெழுத்திட்டவர் பெயரோடு அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். பதிலாக வந்த நூல் சுவரைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் எழுதியது. மீதிப் பக்கங்கள் முழுக்க மாமாவைப் பற்றி. அவருக்குக் கேட்ட பதவி கிடைக்கவில்லை, அந்தக் கோபம், கணக்கில் குழப்பம், வீட்டில் ஜெபமில்லை – இந்த மாதிரி.

'இதுல எதும்மா நிஜம்?' என்று ஒருநாள் கேட்டேன். அம்மா மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

'ரெண்டும் நிஜந்தான்டா. பதவி குடுக்கலங்கிறதும் நிஜம். சுவரு வச்சதும் நிஜம்.'

இந்தக் கட்டுரை அம்மா சொன்ன அந்த 'ரெண்டும் நிஜந்தான்' என்பதை விளங்கிக்கொள்ளும் முயற்சி. ஒரு நிறுவனத்திலிருந்து வெளியேறியவர் சொல்வதை எப்படி வாசிப்பது? அவருக்குத்தான் உள்ளே நடந்தது தெரியும். ஆனால் வெளியேறினார் என்ற ஒரே காரணத்தால் அவர் சொல் சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. அறிந்தவர் நம்பத்தகாதவராகவும், நம்பத்தகுந்தவர் வாய் திறக்காதவராகவும் ஆகிப்போகிற இந்த முரண் சமயத்துக்கு மட்டும் உரியதல்ல. கட்சி, இயக்கம், இலக்கிய அமைப்பு எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. ஆகவே இது நம் எல்லோருடைய பிரச்சினையும்கூட.

2

இந்த முரண் துலக்கமாகத் தெரிகிற இடங்களில் ஒன்று அமெரிக்காவின் மார்மன் சபை. நம் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாதது என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜோசப் ஸ்மித் என்பவர் 1830இல் 'மார்மன் நூல்' என்ற வேதத்தை வெளியிட்டார். பொன் தகடுகளில் இருந்ததைத் தெய்வ அருளால் மொழிபெயர்த்ததாகச் சொன்னார். 1844இல் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் பிரிகாம் யங் தலைமையில் பெரும்பகுதியினர் யூட்டாவின் வறண்ட நிலத்துக்குப் போய்க் குடியேறினார்கள். புதிய சபை என்பதால் அதன் தொடக்கம் முழுக்க அச்சுக் காலத்தில் நடந்தது. நாட்குறிப்பு, கடிதம், செய்தித்தாள், முதல் பதிப்பு எல்லாம் கையில் கிடைக்கின்றன. புராணம் ஆவதற்குள் ஆவணமாகிப் போன மதம் என்று சொல்லலாம்.

இச்சபையிலிருந்து வெளியேறியவர்களில் ஜெரால்டு டானர், சாண்ட்ரா டானர் தம்பதி முக்கியமானவர்கள். சாண்ட்ரா பிரிகாம் யங்கின் வழிவந்தவர். இவர்கள் சபையின் பழைய பதிப்புகளையும் ஆவணங்களையும் திரும்ப அச்சடித்து விற்றார்கள். மார்மன் நூலின் முதல் பதிப்புக்கும் பிற்காலப் பதிப்புக்கும் இடையே 3,913 மாற்றங்கள் என்று எண்ணிக்கை போட்டு ஒரு நூலே வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை எழுத்து, இலக்கணத் திருத்தங்கள்தான் என்பது சபையின் பதில். 'அப்படியானால் தெய்வம் சொல்லச் சொல்ல எழுதியதில் இலக்கணப் பிழை ஏன்' என்பது இவர்கள் கேள்வி. ஸ்மித் எகிப்திய ஏட்டிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி 1842இல் வெளியிட்ட 'ஆபிரகாம் நூல்' இன்னொரு சிக்கல். அந்த ஏடுகளின் சில துண்டுகள் 1967இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலிருந்து சபையின் கைக்கு வந்தன. எகிப்தியல் அறிஞர்கள் அவற்றைப் படித்தார்கள். அவை இறந்தவரோடு வைக்கிற வழக்கமான சடங்கு ஏடுகள். ஆபிரகாமைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் விடை எழுதுவதற்கென்றே ஒரு அறிவுத்துறை அங்கே வளர்ந்தது. ஹியூ நிப்லி போன்ற பன்மொழி அறிஞர்கள் அதற்கு உழைத்தார்கள். 1979இலும் 1997இலும் இதற்கென்று தனி அமைப்புகள் தொடங்கப்பட்டன. நாம் இவர்களைக் காப்புரையாளர்கள் எனலாம். ஆபிரகாம் பற்றிய ஏட்டுப் பகுதி தொலைந்துபோயிருக்கலாம் என்றார்கள். ஏடு வெறும் தூண்டுகோல்தான், வெளிப்பாடு நேரடியாக வந்தது என்றும் சொன்னார்கள். 2013 முதல் 2015 வரை சபையே தன் பெயரில் கட்டுரைகளை வெளியிட்டு, முன்னே மறுத்தும் மறைத்தும் வந்த பலவற்றை ஒப்புக்கொண்டது. ஸ்மித்துக்கு மனைவியர் 30க்கும் 40க்கும் இடையில் இருந்திருக்கலாம் என்பதும் அதில் ஒன்று. நாற்பது ஐம்பது வருஷமாக வெளியேறியவர்கள் சொல்லித் திட்டு வாங்கிய விஷயம், கடைசியில் சபையின் சொந்த வாசகமாக வந்து சேர்ந்தது. சொன்னவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு சம்பவத்தை அவசியம் சொல்ல வேண்டும். 1980களில் மார்க் ஹாஃப்மன் என்பவர் சபையின் தொடக்கத்தைக் கேலிக்குள்ளாக்கக்கூடிய பழைய கடிதங்களைக் 'கண்டெடுத்து' விற்றுவந்தார். சபைத் தலைவர்களே அவரிடம் ஆவணங்கள் வாங்கினார்கள். அவர் வெளியே விட்ட கடிதம் ஒன்று டானர்களுக்கு லட்டு மாதிரி. ஆனால் 1984இலேயே ஜெரால்டு டானர் அதன் உண்மைத்தன்மையைச் சந்தேகித்து எழுதினார். தன் தரப்புக்குச் சாதகமான சாட்சியை அவரே கேள்வி கேட்டார். 1985இல் ஹாஃப்மன் வைத்த குண்டுகளில் இரண்டு பேர் செத்தார்கள். அவர் மோசடிக்காரர் என்பது அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. வெளியேறியவன் என்றாலே காழ்ப்பில் எதையும் நம்புவான் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

3

காப்புரையின் சொல்லாடலைக் கூர்ந்து பார்த்தால் அதற்கு மூன்று படிகள் தெரிகின்றன. முதல் படி ஆளைப் பேசுவது: அவன் ஏன் வெளியேறினான் தெரியுமா? இரண்டாவது படி இடம்பொருள் பேசுவது: அதைப் பின்னணியிலிருந்து பிய்த்து எடுத்துச் சொல்கிறான், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். மூன்றாவது படி நகர்ந்து கொள்வது: இது எங்களுக்கு எப்போதும் தெரியும், இது முக்கியமே இல்லை. முதல் படியில் பொய் என்று சொல்லப்பட்டது மூன்றாவது படியில் பழைய செய்தியாகிவிடுகிறது. நடுவில் ஒருநாள்கூட அது உண்மையாக இருந்ததாக ஒப்புக்கொள்ளப்படுவதில்லை.

வெளியேறியவர் பக்கத்திலும் வழக்கமான வழுக்கல்கள் இருக்கின்றன. உள்ளே இருந்த காலம் முழுக்கத் தான் ஏமாற்றப்பட்டதாகக் கதையாடலை மாற்றிக் கட்டுவது ஒன்று. தானும் அதே சொல்லைப் பரப்பியவன், தானும் மற்றவனை ஒதுக்கியவன் என்பது அந்தக் கதையில் விடுபட்டுப் போகும். இன்னொன்று, வெளியே வந்து நிற்க இடம் வேண்டும் என்பதால் எதிரியின் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவது. டானர்கள் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களானார்கள். மார்மன் வேதத்தின் மேல் வைத்த அதே உரைகல்லைப் பைபிளின் மேல் அவர்கள் வைக்கவில்லை என்று காப்புரையாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

4

நம்ம மரபில் வெளியேறியவர் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் அப்பர். சைவக் குடும்பத்தில் பிறந்து, சமணத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு அங்கே உயர்ந்த நிலையில் இருந்து, பிறகு திரும்பி வந்தவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்படியென்றால் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் புகழ்பெற்ற 'முன்னாள் உறுப்பினரின் சாட்சியம்' அவருடைய தேவாரம்தான். தலைமயிரைப் பறிப்பது, ஆடையின்றித் திரிவது, நின்றுகொண்டு உண்பது என்று சமணத் துறவியரைப் பற்றித் தமிழ்ச் சமூகம் வைத்திருந்த சித்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சமணர் பக்கத்திலிருந்து இதற்கு ஒரு பதில் எழுதப்பட்டதா? எழுதப்பட்டிருந்தாலும் நம்மிடம் வந்து சேரவில்லை. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் கோவிலாங்குளத்தில் தீர்த்தங்கரர் சிலைகள் வெயிலில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பக்கத்துச் சாட்சியம் கல்லாக மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் அழிந்துவிட்டது. ஆனால் அதை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி பிழைத்தது. குண்டலகேசியின் வாதம் எப்படி இருந்தது என்பதை அதை அடித்துப் போட வந்த நூலையும் அதன் உரையையும் வைத்தே பெரிதும் ஊகிக்கிறோம். மறுக்கிறவன், மறுக்கப்பட்டதைச் சுமந்துகொண்டு போகிறான். சிவஞான சித்தியார் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பிறர் கொள்கைகளை வரிசையாக நிறுத்தும் பரபக்கத்தை வைத்ததும் இந்த மரபில்தான். எதிரியின் வாதத்தை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்ற ஒழுங்கு ஒரு காலத்தில் நமக்கு இருந்தது. அதைத் தொலைத்துவிட்டோம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

5

இனி மாமாவின் முன்னோடிக்கு வருவோம். எங்கள் ஊரிலிருந்து தெற்கே, நாசரேத்துப் பக்கம்.

கால்டுவெல்லை நாம் 1856இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் அறிவோம். அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1849இல், அவர் 'திருநெல்வேலிச் சாணார்' என்ற சிறுநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இங்கிலாந்தில் உள்ள மிஷன் ஆதரவாளர்களுக்கு நம்மூர் மக்களை அறிமுகப்படுத்துகிற நூல். இம்மக்கள் இலங்கையின் வடகரையிலிருந்து வந்தேறியவர்கள், பிராமண மதத்துக்கு வெளியே பேய் வழிபாட்டில் இருப்பவர்கள், அறிவில் மந்தமானவர்கள் என்ற சித்திரத்தை அது கட்டமைத்தது. 'சாணார்' என்ற சொல்லே இன்று வசைச்சொல். அரசாங்கம் அதை விட்டு 'நாடார்' என்பதை ஏற்றது 1921இல்தான். அந்தச் சாதியில் பிறந்தவன் நான் என்பதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மையாகாது.

அந்த நூல் யாரைப் பற்றியதோ அவர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டதல்ல. ஆனால் மிஷன்தான் பள்ளிக்கூடம் கட்டி ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தது. பேசப்பட்டவன் ஒருநாள் வாசகனாக வந்து நின்றான். அருமைநாயகம் என்கிற சட்டம்பிள்ளை மிஷன் கல்வியில் உருவானவர். நாசரேத்தில் உபதேசியாராக வேலை பார்த்தவர். அங்கிருந்த மிஷனரி கெமரரோடு மோதல் ஏற்பட்டு வேலை போனது. கால்டுவெல்லின் நூல் கைக்குக் கிடைத்தபோது அவர் கோபம் தனி ஆளின் கோபமாக இல்லாமல் ஒரு சமூகத்தின் கோபமாக மாறியது. 1857இல் பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் இல்லாத ஒரு தனிச் சபை எழுந்தது. அந்த வட்டாரத்துக் குடும்பங்கள் பல ஆங்கிலிக்கன் மிஷனை விட்டு அதில் சேர்ந்தன. பிற்பாடு சிலர் திரும்பியும் போனார்கள்.

கவனிக்க வேண்டியது அவர் கையிலெடுத்த ஆயுதம். அவர் கிறிஸ்துவை விடவில்லை. பைபிளைப் பிரித்து, 'நீங்கள் கொண்டுவந்தது இதில் எங்கே இருக்கிறது' என்று கேட்டார். ஓய்வுநாள் சனிக்கிழமை என்று பழைய ஏற்பாடு சொல்கிறது. ஞாயிறு எங்கிருந்து வந்தது? தூபம் காட்டச் சொல்லியிருக்கிறது. அதை ஏன் விட்டீர்கள்? ஆகவே அவர் சபை சனிக்கிழமை கூடியது, தூபம் போட்டது, விழுந்து வணங்கியது, புளிக்காத திராட்சைச் சாற்றை வைத்துக்கொண்டது. ஐரோப்பியப் பழக்கத்தைக் கழற்றிவிட்டால் மிஞ்சுகிற கிறிஸ்தவம் நம் ஊர் வழிபாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது என்பதே அவர் வாதத்தின் உள்ளோட்டம்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் செய்ததும் இதுவே. அவர் ஞானஸ்நானம் பெற்றவரல்ல. ஆனால் பீட்டர் பெர்சிவலின் பள்ளியில் படித்து, அவரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்து, உள்ளே இருந்து அறிந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்டார். கோயில் சடங்கைப் பழிக்கிற பாதிரிகளுக்கு, யெருசலேம் ஆலயத்தின் பலியையும் தூபத்தையும் விளக்கையும் பைபிளிலிருந்தே எடுத்துக் காட்டினார். ஒருவர் கிறிஸ்தவராக இருந்துகொண்டும், இன்னொருவர் சைவராக நின்றுகொண்டும் ஒரே புத்தகத்தின் ஒரே பகுதிகளைப் பிரித்தார்கள். எல்லோரும் வேதத்தைப் படிக்கலாம் என்ற புராட்டஸ்டண்டு வாக்குறுதியை இருவரும் அப்படியே நம்பிப் படித்துவிட்டார்கள். டானர்கள் சபையின் முதல் பதிப்பைத் திரும்ப அச்சடித்ததும், மாமா தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் போட்டதும் இந்த வகைதான். வெளியேறியவனுக்கு உள்ளே இருந்த ஆவணமே ஆயுதமாகிறது.

6

இந்த இடத்தில் சாமுவேல் சற்குணரைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் 1883இல் கால்டுவெல்லுக்கு எதிராக ஒரு ஆங்கில நூல் வெளியிட்டார். சட்டம்பிள்ளை வெளியே போய்ச் சொன்னதன் சாரத்தை இவர் கிறிஸ்தவத்துக்குள் நின்று சொன்னார். வெளியேறியவன் காழ்ப்பில் பேசுகிறான் என்று ஒதுக்குவதற்கு இது பெரிய இடைஞ்சல். உள்ளே இருப்பவனும் அதையே சொன்னால் யாரைக் குறை சொல்வது? ஆகவே ஒரு நடைமுறை விதி: வெளியேறியவர் சொல்வதை அளக்க வேண்டுமானால், அதே விஷயத்தை முணுமுணுத்துக்கொண்டு உள்ளேயே இருப்பவர்களைத் தேட வேண்டும். அவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

கால்டுவெல் பற்றிய காப்புரை இன்றும் நடக்கிறது. இப்போது அதை எழுதுவது மிஷன் அல்ல, நாம்தான். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தோம். ஒப்பிலக்கணத்தைக் கொண்டாடுகிறோம், நியாயம்தான். 1849ஐக் கேட்டால், 'அது அந்தக் காலத்துப் பார்வை', 'நிதி திரட்ட எழுதியது' என்கிறோம். மேலே சொன்ன இரண்டாவது படி. மறுபக்கம், 2024 மார்ச்சில் தமிழக ஆளுநர் கால்டுவெல்லையும் போப்பையும் பற்றிப் பேசியது சர்ச்சையானது நினைவிருக்கும். திராவிடக் கருத்தியலையே தள்ளிவிட விரும்புகிறவர்களுக்கு 1849 நூல் கைக்கு வாகான கல். சட்டம்பிள்ளையின் கோபத்தை அவர்கள் கடன் வாங்கிக்கொள்கிறார்கள், பிரச்சினை அவர்களுடையதல்ல. இந்தப் பயத்தினாலேயே நாம் அந்த நூலைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் நாம் பேசாத உண்மையை எதிரி பேசுவான், அவன் வசதிப்படி பேசுவான். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

7

இத்தனை சொல்லிவிட்டுச் சட்டம்பிள்ளைக்கு மாலை போட்டு முடித்துவிட முடியாது. கால்டுவெல்லுக்கு எதிரான நூல்கள் என்ன வாதம் வைத்தன? நாங்கள் தாழ்ந்தவர்கள் அல்லர், க்ஷத்திரியர்கள் என்பதே பெரும்பாலானவற்றின் வாதம். யாரும் தாழ்ந்தவரல்லர் என்று அவை சொல்லவில்லை. ஏணியில் எங்களைத் தப்பான படியில் வைத்துவிட்டாய் என்ற புகாரே ஒழிய ஏணி மேல் புகார் இல்லை. பிரகாசபுரத்துச் சபையும் ஒரே சாதியின் சபையாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் நாடார் வணிகர்களின் ஆறு ஊர்களில் சேர்ந்தவை. பேட்டையும் மகமையும் வைத்து வளர்ந்தவை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். சேதுபதி வழக்குப் போட்டார். 1899இல் கீழ்க்கோர்ட்டில் தோற்று, 1908இல் பிரிவி கவுன்சிலிலும் நாடார்கள் தோற்றார்கள். நடுவே 1899 ஜூனில் சிவகாசி எரிந்தது. ஒரு சாதியின் இடம் எது என்று நூல்களில் நடந்த சண்டை, கோர்ட்டிலும் தெருவிலும் ரத்தமாக நடந்தது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'எங்களுக்கு உரிமை உண்டு' என்ற வாதம் 'இன்னாருக்குத்தான் இல்லை' என்ற வாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மதுரை அமெரிக்கன் மிஷனில் 1847இல் நடந்ததையும் இங்கே நினைக்கலாம். திருச்சுழிக்கு அருகில் மண்டபசாலையிலும் நிலையம் வைத்திருந்த மிஷன் அது. சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்றபோது உபதேசியார்கள் உட்படப் பலர் மறுத்தார்கள். சபையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். அவர்களும் 'வெளியேறியவர்கள்'தான். அவர்களும் வெள்ளைக்காரன் அதிகாரம் பண்ணுகிறான் என்றுதான் சொன்னார்கள். வெளியேறுவது தன்னளவில் விடுதலை அல்ல. எதை விட்டு, எதைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறினார் என்று கேட்டாக வேண்டும்.

8

ஐசக் டாய்ச்சர், கம்யூனிசத்தை விட்டு வந்தவர்கள் எழுதி 1949இல் வெளியான 'தோற்றுப்போன கடவுள்' தொகுப்பைப் பற்றி எழுதும்போது ஒரு வேறுபாட்டைச் சொன்னார். வெளியேறியவர் முதலில் கட்சியின் உயிரான கொள்கையைக் காக்கவென்று கட்சியை எதிர்க்கிறார்; மெல்ல மெல்ல அந்தக் கொள்கையையே எதிர்க்கிறவராகி மறுகரையின் படைவீரராகிவிடுகிறார். மாக்ஸ் ஷேலர், நீட்சே பேசிய மனக்காழ்ப்பை விரித்தபோது, மதம் மாறியவன் புதிய நம்பிக்கைக்காக வாழாமல் பழையதன் மறுப்புக்காகவே வாழ்கிறவனாகிறான் என்றார். இரண்டும் உளவியலாகச் சரி. ஆனால் இரண்டும் வெளியேறியவனையே ஆராய்கின்றன. அவன் விட்டுவந்த வீட்டை ஆராய்வதில்லை. காழ்ப்பில் சொன்னாலும் சுவர் சுவர்தான்.

கண்ணதாசன் 1961இல் தி.மு.க.வை விட்டு வெளியேறினார், 'வனவாசம்' எழுதினார். அந்நூல் தன்னையும் விட்டுவைக்காமல் பேசுகிறது. இருந்தும் அதற்கு நம் பக்கத்தில் கிடைத்த பதில் பெரும்பாலும் ஆளைப் பற்றியதுதான்: குடி, நிலையற்ற மனசு, அடிக்கடி கட்சி மாறுகிறவர். அந்தப் பட்டியல் அவரே ஒப்புக்கொண்டது. அதை எடுத்து அவர் மேலேயே எறிந்தோம். நூல் சொன்ன செய்திகளைச் சரி, தப்பு என்று பிரித்துப் பார்த்த வாசிப்பு எத்தனை நடந்தது?

இதை வெளியிலிருந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை. இருபத்தைந்து வயதில் நான் ஒரு அமைப்பில் இருந்தேன். பெயர் வேண்டாம். மூத்த தோழர் ஒருவர் விலகி, உள்ளே ஒரு பெண் தோழர் கொடுத்த புகார் அமுக்கப்பட்டதைப் பற்றி ஒரு கடிதம் சுற்றுக்கு விட்டார். பதில் எழுதும் வேலை, தமிழ் படித்தவன் என்பதால், என்னிடம் வந்தது. ஒரே ராத்திரியில் எழுதினேன். அவருடைய குடும்பப் பிரச்சினை, கடன், பொறுப்பு கிடைக்காத வருத்தம் எல்லாம் அதில் இருந்தது. புகாரைப் பற்றி ஒரு பத்தி. நல்ல நடை என்று எல்லோரும் பாராட்டினார்கள். நாலு வருஷம் கழித்து அமைப்பு ஒரு தீர்மானத்தில், 'கடந்த காலத்தில் சில புகார்கள் உரிய முறையில் கையாளப்படவில்லை' என்று ஒரு வரி சேர்த்தது. அதற்கும் பிறகுதான் நான் விலகினேன். என்னைப் பற்றி வந்த பதிலைப் படித்தபோது நடை பழக்கமானதாக இருந்தது. என்னுடைய பத்தி அமைப்பு. அந்தத் தோழரிடம் போய்ச் சொன்னேன். 'ஒங்க கடிதம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே விதி மாதிரி சில வார்த்தைகள்; எனக்கும் சேர்த்து. வெளியேறியவரின் நூல் கைக்கு வந்தால், ஏன் வெளியேறினார் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில், சொல்லியிருப்பது நடந்ததா என்று பாருங்கள். பிறகு, அவர் காட்டும் ஆவணம் நிறுவனத்தினுடையதா, அவர் நினைவிலிருந்து சொல்வதா என்று பிரியுங்கள். அதன் பின், அவர் உள்ளே இருந்தபோது இதில் தன் பங்கு என்ன என்று எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். பதில் எழுத வேண்டிய இடத்தில் இருந்தால், அவர் வாதத்தை அவரே ஒப்புக்கொள்கிற மாதிரி முழுக்கச் சொல்லிவிட்டு மறுக்கத் தொடங்குங்கள். பரபக்கம் இல்லாத சுபக்கம் வெறும் திட்டு.

9

அம்மா போன பிறகு பெட்டியைத் திறந்தேன். இரண்டு நூலையும் சேர்த்து ஒரே பைண்டிங்காகப் போட்டேன். போன கோடையில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டிருந்தார்கள்; ஊர் முழுக்கப் புகை. மாமா நடத்திய ஜெபக்கூட்டம் அவரோடு முடிந்துவிட்டது. விசாரித்ததில், அதற்கும் காலனியிலிருந்து யாரும் வந்ததில்லை என்றார்கள். கூப்பிடவில்லை.

காலனியில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். மாமாவைத் தெரியும் என்றார். நூல்களைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். எழுத்துக்கூட்டிக் கொஞ்சம் படித்தார். பக்கங்களைத் தள்ளினார்.

'ரெண்டு பேரும் நல்லா எழுதியிருக்காக. எங்காளு பேரு ஒண்ணுகூட இதுல இல்லையே தம்பி?'

எனக்கு அதுவரை தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் பெயர் இருக்கிறது, பதவி கேட்டவர் பெயர் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்கப்பட்டவர்கள் பெயர் இரண்டு நூலிலும் இல்லை. சுவர் இப்போது இருக்கிறதா என்று கேட்டேன்.

'பாதி மழையில விழுந்துருச்சு. மீதி இருக்கு. வாங்க, காட்டுறேன்' என்று எழுந்து முன்னால் நடந்தார்.